வார்டில் நிற்பவரும் மாணவர்தான்

(பெருந்தொற்றுக் காலச் செவிலியர் கல்வி குறித்து மதுரையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இந்த மேடைக்கு அழைத்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். 2020-க்கும் 2022-க்கும் இடையில் நர்சிங் படித்தவர்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். கொரோனா காலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். மருத்துவர்களைப் பற்றி, தூய்மைப் பணியாளர்களைப் பற்றி, நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களைப் பற்றி எழுதினோம். ஆனால் மருத்துவமனையின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், வகுப்பறை வருகைப் பதிவேட்டிலும் சரியாக இடம்பெறாமல் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்த ஒரு கூட்டம் உண்டு. இன்று நம் வார்டுகளில் இரவு டூட்டி பார்ப்பவர்களில் பலர் அவர்கள்தான்.

மதுரைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நம் அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டில் தடுப்பூசிப் பணியை முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் அதே மருத்துவமனையில்தான். அந்த இரண்டு நாள்களுக்கு நடுவிலும் அதற்குப் பிறகும் இந்த ஊரில் நர்சிங் படித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே என் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நர்சிங் மாணவியை நாம் இரண்டு விதமாக மட்டுமே நடத்தினோம். முதல் அலையில் அவள் பாதுகாக்கப்பட வேண்டிய பிள்ளை, வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாம் அலையில் அவள் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கும் கை, வார்டுக்கு அழைத்தோம். வீட்டில் இருந்தபோது அவளுக்கு நோயாளி இல்லை. வார்டில் நின்றபோது அவளுக்கு ஆசிரியர் இல்லை. நோயாளி, ஆசிரியர், மாணவி ஆகிய மூவரும் ஓரிடத்தில் சேரும்போதுதான் செவிலியர் கல்வி நடக்கிறது. அந்தச் சேர்க்கை எந்த நெருக்கடியிலும் அறுபடாமல் காப்பதுதான் அடுத்த பெருந்தொற்றுக்கான முதல் ஆயத்தம். இதை ஆறு பகுதிகளாக விளக்குகிறேன்.

1. வார்டுதான் வகுப்பறை

நர்சிங் என்றால் மூன்று, நான்கு வருடம் புத்தகம் படித்துவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்வது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பெருந்தொற்று வந்தபோது நடைமுறையில் இருந்த இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில், பி.எஸ்சி. முதலாண்டின் நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்துக்குத் தியரி 265 மணி நேரம், செய்முறை 650 மணி நேரம். அந்த 650-இல் 450 மணி நேரம் நோயாளியின் படுக்கையருகில் கழிய வேண்டும். மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங் முதல் பகுதிக்குத் தியரி 210 மணி நேரம். செய்முறை 720 மணி நேரம்.

அதே பாடத்திட்டத்தின் மகப்பேறு பாடத்தில் மணிக்கணக்கு மட்டும் போதவில்லை, எண்ணிக்கையும் வேண்டியிருந்தது. 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும். 20 சுகப்பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். பிரசவித்த தாய்மார் 20 பேரைப் பராமரித்திருக்க வேண்டும். மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்கு உயிர்மூட்டும் முயற்சியில் 5 முறை ஈடுபட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் கேஸ் புக்கில் எழுதப்பட்டு, ஆசிரியரின் கையெழுத்து விழ வேண்டும்.

இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. மதுரைச் சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போடுபவரின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த விரலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்லிக் கொடுத்துவிட முடியாது; பக்கத்தில் உட்கார்ந்து, போட்டுப் பார்த்து, பிரித்துப் போட்டுத்தான் வரும். நரம்பைத் தொட்டுத் தேடுவதும், வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று அறிவதும், வலியில் இருப்பவரை நோகாமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படிப்பட்டவை. 10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று கவுன்சில் விதித்திருப்பதும் இதனால்தான்.

இந்தக் கைப்பழக்கத்துக்குக் குறுக்குவழி இல்லை. 2020 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, கலை அறிவியல், பொறியியல் மாணவர்களில் கட்டணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு அரியர் பாடங்களில் தேர்ச்சி அளிப்பதாக அறிவித்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. நர்சிங் மாணவிக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்திருந்தாலும் பயன் இல்லை. பார்க்காத பிரசவத்துக்கு எந்த அறிவிப்பாலும் தேர்ச்சி கொடுக்க முடியாது.

2. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்

ஊரடங்கு தொடங்கியதும் ஹாஸ்டல்கள் காலியாயின. பசுமலை, திருப்பரங்குன்றம், ஒத்தக்கடை என்று நகரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படித்தவர்கள் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள் ஆகவிருந்தவர்கள். கையில் இருந்ததோ அப்பாவோ அண்ணனோ வைத்திருந்த ஒரே போன். அதே போனில்தான் தம்பிக்கும் பள்ளிக்கூட வகுப்பு.

அந்த மாணவிகள் பிற்பாடு என்னிடம் சொன்னவற்றில் ஒரே மாதிரியான செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. சிக்னல் கிடைக்கும் இடமே வகுப்பறை: மொட்டை மாடி, கண்மாய்க் கரை, ஊர் எல்லைக் கோயில் திண்ணை. கல்லூரியில் இருந்தால் படிக்கிற பிள்ளை. வீட்டில் இருந்தால் வீட்டு வேலைக்கு ஆள். கூகுள் மீட்டில் மேடம் பேசிக்கொண்டிருக்க, இங்கே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் அம்மாவோடு போனவர்கள் உண்டு. "இந்த நோய்க் காலத்துல நர்ஸ் படிப்பு எதுக்கு, நல்ல இடம் வந்திருக்கு, முடிச்சுடுவோம்" என்ற பேச்சைக் கேட்காத மாணவி அரிது. படிப்பை நிறுத்தத் தயாராக இருந்த வீட்டாரிடம் ஆசிரியர்கள் போனிலேயே மன்றாடினார்கள். அந்த ஆசிரியர்களுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பளம் குறைக்கப்பட்ட மாதங்களிலும் அவர்களில் பலர் வகுப்பை விடவில்லை.

செய்முறைக்கு வீடியோ அனுப்பப்பட்டது. தலையணையில் ஊசி போட்டுப் பழகினார்கள். தங்கையின் கையில் கட்டுப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார்கள். முயற்சியை மதிக்கிறேன். ஆனால் தலையணைக்கு வலிக்காது, பயம் கிடையாது, அது "மெதுவா போடும்மா" என்று கெஞ்சாது. கெஞ்சும் நோயாளியிடம் கை நடுங்காமல் இருப்பதுதான் பாடத்தின் பாதி.

இதில் நாம் தவறவிட்ட பெரிய வாய்ப்பு ஒன்று உண்டு. ஊர் திரும்பிய மாணவியை ஊர் சும்மா விடவில்லை. "நர்சம்மா வந்திருக்கு" என்று பி.பி. பார்க்கக் கூப்பிட்டார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து தனிமைப்படுத்தப்பட்டவர் வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டார்கள். இரண்டாம் ஆண்டு மாணவி அந்த ஊருக்கு ஆலோசகராகிவிட்டாள். சமூக நலச் செவிலியம் என்று நாம் நடத்தும் பாடத்தின் உயிரே இதுதான். கிராமச் சுகாதார செவிலியர் அதே ஊரில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். இருவரையும் இணைத்து, தகுந்த பாதுகாப்போடு, போனில் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் அதைப் பயிற்சி நேரமாக்கியிருக்கலாம். நாமோ ஜூமில் சமூக நலச் செவிலியத்தின் வரையறையை நடத்திக்கொண்டிருந்தோம். அவள் ஊருக்குச் செய்தது எந்த லாக் புக்கிலும் ஏறவில்லை.

3. அழைக்கப்பட்டவர்கள்

2021 ஏப்ரல், மே மாதங்களை மதுரை மறக்காது. இராசாசி மருத்துவமனையின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் காத்து நின்றன. சித்திரைத் திருவிழா தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக மக்கள் கூட்டமின்றிக் கழிந்தது. மே மாதம் தோப்பூரில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் கொண்ட மையம் திறக்கப்பட்டது. படுக்கை போட்டுவிடலாம், குழாய் இழுத்துவிடலாம். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

2021 மே 3 அன்று மத்திய அரசு ஒரு முடிவை அறிவித்தது. இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் ஜி.என்.எம். டிப்ளமோ, பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களை, மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில், முழுநேரக் கோவிட் பணியில் ஈடுபடுத்தலாம். 100 நாள் பணி முடித்தவர்களுக்கு அரசு வேலைவாய்ப்பில் முன்னுரிமை, பிரதமரின் பெயரால் ஒரு விருது, கோவிட் பணியாளர்களுக்கான 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டின் பாதுகாப்பு ஆகியவையும் அதில் சொல்லப்பட்டன. அந்த அறிவிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது "மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில்" என்ற பகுதி. காகிதத்தில் அது இருந்தது. நள்ளிரவில், முப்பது நாற்பது நோயாளிகள் இருக்கும் வார்டில் அது இருந்ததா என்று அங்கே நின்றவர்களைக் கேளுங்கள். பல இடங்களில் ஆசிரியர்களுக்கே தொற்று. மற்ற இடங்களில் ஸ்டாஃப் நர்ஸ்கள் தங்கள் வேலைக்கே நேரமின்றித் திண்டாடினார்கள். மேற்பார்வை என்பது முந்தைய பேட்ச் சீனியர் வாட்ஸ்அப்பில் சொல்லும் யோசனையாகச் சுருங்கியது.

இருந்தும் அவர்கள் கற்றார்கள். பி.பி.இ. கிட்டுக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல் நிற்கக் கற்றார்கள். மாதவிலக்கு நாள்களில் அந்த ஆறு மணி நேரம் எப்படி இருந்தது என்று பேச நாம் யாருமே இடம் கொடுக்கவில்லை. முகம் தெரியாத உடையின் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டு ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டார்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 85-க்கு இறங்கினால் குப்புறப் படுக்க வைப்பது, ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டுவது, எப்போது டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும் என்று நோயாளியின் மூச்சை வைத்தே கணிப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்தன. எந்தச் செய்முறைத் தேர்வும் இவ்வளவு கற்றுத் தந்திராது.

4. கோணலாக வளர்ந்த திறமை

அந்தக் கற்றல் ஒரு பக்கமாகவே வளர்ந்தது. 2021 செப்டம்பரிலிருந்து, பெரும்பாலும் வார இறுதிகளில், மாநிலம் முழுவதும் மெகா தடுப்பூசி முகாம்கள் நடந்தன. அந்த முகாம்களில் நர்சிங் மாணவர்களும் நின்றார்கள். ஒரே நாளில் நூறு பேருக்குத் தசையூசி போட்ட கைகள் அவை. அதே மாணவி குழந்தைகள் வார்டுக்குள் போயே இருக்க மாட்டாள். மனநல வார்டில் ஒரு முழு நாள் கழித்திருக்க மாட்டாள். பிரசவங்களில் பாதியை ஓரமாக நின்று பார்த்திருப்பாள். ஒரு வேலையில் தேர்ச்சி, பத்து வேலைகளில் தயக்கம் என்ற நிலையில் அவர்கள் பட்டம் பெற்றார்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் இது தெரிந்தது. "கொரோனா பேட்ச்" என்று வார்டுகளில் ஒரு பெயர் விழுந்தது. அந்தப் பெயரை நான் வன்மையாக மறுக்கிறேன். அவர்களுக்குத் தெரியாதவை எல்லாம் அவர்களுக்குக் கற்பிக்கப்படாதவை. குறையை நிரப்புவது படிப்பை நடத்தியவர்களின் கடமை. தேர்வு முடிந்த பின்னும், எந்தெந்தத் திறன்களில் கை பழகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் பட்டியல் எடுத்து, அந்த வார்டுகளில் மட்டும் சில வாரங்கள் போஸ்டிங் கொடுத்திருக்கலாம். மணிக்கணக்கை நிரப்பினோம், திறன் கணக்கைப் பார்க்கவில்லை. 2021-இல் வெளியான புதிய பி.எஸ்சி. நர்சிங் விதிமுறைகள் செமஸ்டர் முறையையும் சிமுலேஷன் ஆய்வகப் பயிற்சியையும் கொண்டுவந்தன. நல்ல முன்னேற்றம். மாணவி முதல் பிழையை நோயாளியின் உடம்பில் செய்யாமல் பொம்மையில் செய்யலாம். ஆனால் ஆய்வகம் வார்டுக்கு அழைத்துச் செல்லும் வாசல். அதுவே வார்டு ஆகாது.

5. சாவைத் தனியாகச் சந்தித்தவர்கள்

இறந்தவரின் உடலைத் தூய்மைப்படுத்தி மரியாதையோடு ஒப்படைப்பது நம் பாடத்திட்டத்தின் முதலாண்டுப் பாடம். வழக்கமாக அதை ஒரு மூத்த சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். கண்ணை மூடிவிடு, கட்டு போடு, பெயர்ச் சீட்டைச் சரிபார், வீட்டாரை ஒரு நிமிடம் அழவிடு என்பார். பிறகு டீக்குக் கூட்டிப்போவார். அந்த டீயும் கல்விதான்.

இரண்டாம் அலையில் இருபது வயதுப் பிள்ளைகள் பலர் தங்கள் முதல் மரணத்தைப் பி.பி.இ. உடைக்குள்ளிருந்து பார்த்தார்கள். உடலைப் பைக்குள் வைத்து மூட உதவினார்கள். வார்டுக்குள் வர முடியாத மகனுக்கு வீடியோ காலில் தாயைக் காட்டினார்கள். ஒரே இரவில் அடுத்தடுத்த படுக்கைகள் காலியாவதைக் கண்டார்கள். டூட்டி முடிந்தால் விடுதி அறை, தனிமை, பேச யாரும் இல்லை. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அம்மாவிடம்கூட மறைத்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

நோயாளியின் துயரத்தை எப்படித் தாங்குவது என்று பாடம் நடத்துகிறோம். செவிலியரின் துயரத்தை எங்கே இறக்கிவைப்பது என்று நடத்துவதில்லை. ஒவ்வொரு கடினமான டூட்டிக்குப் பிறகும் ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, இன்று என்ன நடந்தது, எது உன்னால் முடிந்தது, எது யாராலும் முடியாதது என்று பேசியிருந்தால் பலரின் குற்றவுணர்ச்சி குறைந்திருக்கும். என் தப்பால்தான் அவர் போய்விட்டாரோ என்ற கேள்வியைச் சுமந்து திரியும் செவிலியர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு. மேற்பார்வை என்று நான் சொல்வதில் இதுவும் அடங்கும்.

6. மாணவர் என்ற தகுதியைக் காப்பது

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து இந்தக் கல்விக்கு நம் மண்ணில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. ஆஸ்பத்திரி வேலையைச் செய்துகொண்டே கற்பது என்ற பழைய முறையிலிருந்து, 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியதன் வழியாக, இவர் முதலில் மாணவர் என்ற நிலைக்கு மெல்ல வந்து சேர்ந்தோம். பெருந்தொற்று நம்மை ஒரே ஆண்டில் பழைய இடத்துக்கே தள்ளியது.

வேறு வழி இருந்ததா? பிரிட்டனில் வழக்கமான காலத்தில் நர்சிங் மாணவரை வார்டின் ஊழியர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. 2020 மார்ச்சில் அங்குள்ள நர்சிங் கவுன்சில் அவசரகால விதிகளை வெளியிட்டது. படிப்பின் கடைசி ஆறு மாதங்களில் இருந்தவர்கள் விரும்பினால் ஊதியத்துடன் பணியில் சேரலாம். அந்த நேரம் படிப்பின் பகுதியாகவே எண்ணப்படும். விருப்பம், ஊதியம், கல்விக் கணக்கு என்ற மூன்றையும் ஒரே விதியில் கட்டினார்கள். அங்கும் சிரமங்கள் இருந்தன. ஆனால் கேள்விகள் சரியாகக் கேட்கப்பட்டன.

இங்கோ, தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. அவர்கள் தெருவில் நின்று போராடியதை அன்றைய மாணவிகள் செய்தியில் பார்த்தார்கள். தன் சீனியருக்கு நேர்ந்ததைப் பார்க்கும் மாணவி, அடுத்த அழைப்பு வரும்போது என்ன நினைப்பாள்? வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகத் தேர்வெழுதுகிறவர்களை நாம் குறை சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவு என்றது. உலகம் அவர்களை அழைக்கத்தான் செய்யும்.

ஆகவே ஐந்து கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று: நெருக்கடி காலத்தில் மாணவரை வார்டுக்கு அழைப்பதானால் அது அவருடைய விருப்பத்தின்பேரில் நடக்க வேண்டும். மறுப்பவரின் மதிப்பெண்ணிலோ சான்றிதழிலோ அதன் நிழல் விழக் கூடாது.

இரண்டு: அழைக்கப்பட்ட மாணவர்களோடு ஆசிரியரும் வார்டில் இருக்க வேண்டும், இரவு டூட்டியிலும். 10 பேருக்கு ஒருவர் என்ற விதி நெருக்கடியில் தளர்வதற்குப் பதிலாக இறுக வேண்டும்.

மூன்று: ஊக்கத்தொகை, காப்பீடு, தங்குமிடம், உணவு ஆகியவை பணி தொடங்கும் முன்பே எழுத்தில் உறுதியாக வேண்டும்.

நான்கு: வீட்டில் இருக்க நேர்ந்தால் மாணவரைக் கிராமச் சுகாதார செவிலியரோடு இணைத்து, ஊரையே பயிற்சிக் களமாக்கும் திட்டம் ஒவ்வொரு கல்லூரியிலும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

ஐந்து: நெருக்கடி முடிந்ததும் தவறிய திறன்களை ஒவ்வொருவருக்கும் கணக்கெடுத்து ஈடுசெய்யும் போஸ்டிங் கட்டாயமாக வேண்டும். செலவைக் கல்லூரியும் அரசும் ஏற்க வேண்டும். மாணவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டாம். கல்லூரியும் மருத்துவமனையும் சுகாதாரத் துறையும் அமைதிக் காலத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டிய ஒப்பந்தம் இது. மதுரையில் அரசு செவிலியர் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. தென்மாவட்டங்கள் நம்பி வரும் பெரிய மருத்துவமனை இருக்கிறது. மாநிலத்துக்கு முன்மாதிரியாக இந்த ஒப்பந்தத்தை எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

முன்வரிசையில் கல்லூரி முதல்வர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த பெருந்தொற்றின் பெயரும் நாளும் நமக்குத் தெரியாது. ஆனால் அப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கப்போகும் மாணவி இன்றே ஏதோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பினாலும் வார்டுக்கு அழைத்தாலும் அவளோடு ஓர் ஆசிரியர் இருப்பார் என்ற உறுதியை இந்த ஆண்டே எழுத்தில் கொடுங்கள்.